தூரமே வருகிற இடம்

பாட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் நாயகம் சார் எழுந்து போய்விடலாமா என்று வாசலைப் பார்த்துவிட்டார். ஜெபராஜின் கீபோர்டில் முகப்பு இசைதான் போய்க்கொண்டிருந்தது, அந்தப் புல்லாங்குழல் துண்டு. அதைக் கேட்டால் கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவன்கூட வாளியோடு ஒரு நிமிஷம் நின்றுவிடுவான், அந்தப் பாட்டைப் பாடிப் பேர் வாங்கிய மனுஷர் மட்டும் பல் பிடுங்க வந்தவரைப் போல நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நாற்காலியா அது, சிம்மாசனம். முதுகுக்கு மேலே இரண்டடி உயரத்துக்குத் தங்கக் காகிதம் ஒட்டி, உச்சியில் தெர்மோகோல் வீணை ஒன்றைக் குத்தி வைத்திருந்தார்கள், உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. 'சுருதி மேடை' என்கிற டிவி பாட்டுப் போட்டியின் நடுவர்கள் மூன்று பேருக்கும் இதே கதிதான். வலப்பக்கம் பத்மாசனி அம்மாள், கச்சேரி மேடையிலிருந்து வந்தவர், கொசு பறந்தால்கூட என்ன ஸ்வரம் என்று சொல்லிவிடுகிற காது. இடப்பக்கம் ஓர் இளம் இசையமைப்பாளர், ஸ்டூடியோவுக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி, விழித்திருக்கிறாரா தூங்குகிறாரா என்பது இத்தனை வாரமாக யாருக்கும் தெரியாது. நடுவில் நாயகம் சார். முழுப்பெயர் கோமதிநாயகம், சங்கரன்கோவில்காரர். பெயரைச் சொன்னால் நெற்றியைச் சுருக்குகிறவர்களும் 'தூரமே நாயகம்' என்றால் அட, அவரா என்பார்கள். பாட்டின் இரண்டாவது சரணம் முடிகிற இடத்தில் அந்தச் சொல் வரும், தூரமே என்று, மெல்லக் கிளம்பி, படிப்படியாக ஏறி, இனி ஏற இடமில்லை என்கிற உச்சியில் போய் அசையாமல் நிற்கும். அந்த ஒரு சொல்லின் பேரில்தான் வளசரவாக்கத்தில் வீடு வந்தது, கோலாலம்பூரும் யாழ்ப்பாணமும் துபாயும் பார்த்தாயிற்று, மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று, இந்த சிம்மாசனமும் கிடைத்தது. அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் பாடவில்லை. வேறொருவன் பாடினான். இது யாருக்கும் தெரியாது என்றுதான் இன்று காலை வரை நினைத்துக்கொண்டிருந்தார்.

இவர் ஒன்றும் ஏமாந்த சோணகிரி இல்லை. நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொள்ளும்போதே இயக்குநரிடம் கறாராகச் சொல்லியிருந்தார், என் பாட்டை யாருக்கும் கொடுக்கக்கூடாது தம்பி, நாளைக்கு மார்க் போட்டால் சொந்தப் பாட்டுக்குச் சலுகை காட்டினான் என்று ஊர் பேசும் என்று. அந்தத் தம்பியும், என்ன பெருந்தன்மை சார் உங்களுக்கு என்று காலைத் தொட்டான். பெருந்தன்மையாவது ஒன்றாவது. இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் ஒரு சம்பிரதாயம் உண்டு. நடுவர் பாடிய பாட்டைப் போட்டியாளர் பாடினால் தொகுப்பாளர் ஓடிவந்து, சார் எங்களுக்காக ரெண்டே ரெண்டு லைன் என்று குழைவான், கூட்டம் ஓவென்று கத்தும், நடுவர் ஐயோ வேண்டாமே என்று வெட்கப்பட்டுக்கொண்டே மைக்கை வாங்குவார். எந்த இரண்டு வரி என்று கேட்கவா வேண்டும். அதனால்தான் அந்தக் கண்டிஷன். ஆனால் இன்று போட்டியில் முபீனா என்கிற பெண் பாட வேண்டிய பாட்டுக்கு உரிமை கிடைக்கவில்லையாம், கடைசி நேரத்தில் கம்பெனிக்காரன் மாட்டேன் என்றுவிட்டானாம், சார் சர்ப்ரைஸ், அந்தப் பொண்ணுக்கு ஒங்க பாட்டு அத்துப்படி சார் என்று மேக்கப் போடும்போது வந்து சிரிக்கிறான் அந்தத் தம்பி. முகத்தில் பவுடர் இருந்ததால் வெளுத்தது தெரியவில்லை. டீ குடிக்கிற சாக்கில் வெளியே வந்து, "என்ன ஜெபா, மாத்த முடியாதா?" என்றார். ஜெபராஜ், "ஆர்க்கெஸ்ட்ராவுக்கு நோட்ஸ் குடுத்தாச்சு சார்" என்றவர், சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பயப்படாதீங்க. அந்த எடம் எங்கிட்ட இருக்கு. ரெக்கார்ட்லருந்து வெட்டி ஒரு கீயில போட்டு வச்சிருக்கேன். கூப்புட்டா போங்க, வாயை மட்டும் அசைங்க, நான் அமுக்கிடறேன்." நாயகம் டீ கப்பைக் கீழே வைத்தார். அப்படியானால் இவனுக்குத் தெரியும். அன்றைக்கு அந்த ரெக்கார்டிங்கில் இவன் கிடார் வாசித்தானல்லவா, தெரியாமல் எப்படி இருக்கும், இத்தனை வருஷமாகத் தெரிந்துகொண்டேதான் ஒவ்வொரு கச்சேரியிலும் என் பின்னால் உட்கார்ந்து வாசித்தானா, நான் மைக்கை நீட்டும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் என்ன முகம் வைத்துக்கொண்டிருந்தான், சிரித்தானா, பாவம் என்றானா, எது மோசம் என்று இப்போதும் அவருக்கு முடிவாகவில்லை.

மைக்கை நீட்டுவது என்பது அவர் கண்டுபிடித்த வித்தை. அதற்கு முன்னால் நடந்ததை நினைத்துப் பார்க்க அவருக்குப் பிடிக்காது, பிடிக்காத காரணத்தாலேயே அது தினம் வரும். ரெக்கார்டிங் அன்றைக்கு ஜலதோஷம் என்பது தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற கதை. ஜலதோஷமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, எட்டவில்லை, அவ்வளவுதான். தூ வந்தது, ர வந்தது, மே வருகிற இடத்தில் குரல் போய் முட்டிக்கொண்டு நின்றது, எத்தனை டேக் போனாலும் அதே இடம். இசையமைப்பாளர் பெரிய மனுஷர், இப்போது போய்ச் சேர்ந்துவிட்டார், கோபப்படவே இல்லை, நாயகம் போய்ச் சாப்பிட்டு வாங்க என்றார். போனார். சாப்பிட்டார். நன்றாகவே சாப்பிட்டார், தயிர்சாதமும் மாவடுவும், அந்த மாவடுவின் புளிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. திரும்பி வந்தால் பாட்டு முடிந்திருந்தது; ஒலிபெருக்கியில் தூரமே போய் உச்சியில் நின்றுகொண்டிருந்தது. ஒங்க குரல்தான், கொஞ்சம் சரிபண்ணினேன் என்றார் பெரியவர், முகத்தைப் பார்க்காமல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோரஸில் நிற்கிற குணசீலன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேர் குரலும் ஒரே ஜாடை, பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியாது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் விட்டால் பிறகு அதைக் கேட்க நாக்கு புரளாது. குணசீலன் மஸ்கட்டில் ஏதோ ஓட்டலில் பாடப் போனான், போனவன் போனவன்தான். பாட்டு வெளியானது, ஊரே தூரமே என்றது, முதல் மேடை நிகழ்ச்சி வந்தது, திருச்சியிலோ எங்கோ, அந்த இடம் நெருங்கியது, என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே கை மைக்கைத் தூக்கி ஜனங்களைப் பார்த்து நீட்டிவிட்டது. மொத்த மைதானமும் பாடியது. மறுநாள் ஒரு பத்திரிகையில், சிகரத்தை மக்களிடமே கொடுத்துவிட்ட கலைஞன் என்று எழுதினான் ஒரு புண்ணியவான். அதற்கப்புறம் என்ன, எந்த ஊரானாலும் தூரமே வந்தால் மைக் வெளியே போகும். காரைக்குடியில் ஒரு கல்யாணத்தில் மட்டும் எல்லோரும் சாப்பாட்டில் மும்முரமாக இருந்துவிட்டார்கள், நீட்டிய மைக்கில் "ரசம்... ரசம்..." என்று பந்தியிலிருந்து ஒரு குரல் வந்தது, அதுவும் சரியான சுருதியில். வீட்டிலும் அதே வேலைதான். குளிக்கும்போது பாடுவார், அந்த இடம் வந்ததும் குழாயை முழுசாகத் திறந்துவிடுவார். மனைவி சண்முகவடிவு ஒருநாள் வெளியிலிருந்தே கேட்டாள், "நல்லாத்தானே பாடிட்டு இருக்கிய, அந்த எடம் வந்தா மட்டும் எதுக்குத் தண்ணியத் தொறந்துவிடுதிய?" அவர் இன்னும் இரண்டு செம்பு சேர்த்து ஊற்றிக்கொண்டார்.

'ஆறு போகும் பாதையிலே, நானும் கூட வரலாமா' என்று முபீனா பல்லவியை எடுத்தாள். கனத்த குரல், ஆண்கள் பாடுகிற சுருதியிலேயே சிரமமில்லாமல் உட்கார்ந்தது, நன்றாகத்தான் இருந்தது, நன்றாக இருப்பதுதான் பயமாக இருந்தது. திண்டுக்கல் பெண், பல் மருத்துவம் படிக்கிறாள். இந்தப் பிள்ளைக்குச் சோகக்கதை ஒன்றுமில்லை என்று சேனல்காரர்கள் முதல் வாரத்திலிருந்தே புலம்பிக்கொண்டிருந்தார்கள். அத்தா சோலார் ஹீட்டர் கடை வைத்திருக்கிறார், வியாபாரம் நன்றாகப் போகிறது, அம்மா நலமாக இருக்கிறார், கடன் இல்லை, நோய் இல்லை, என்ன செய்வார்கள் பாவம், கடைசியில் அத்தாவைக் கூட்டிப்போய் குளத்தங்கரையில் நிறுத்தி சாயங்காலச் சூரியனைப் பார்க்கச் சொல்லிப் படமெடுத்து, பின்னால் வயலினை ஓடவிட்டார்கள். அந்த மனுஷர் சூரியனைப் பார்த்தாலே தண்ணீர் சுடவைக்கிற நினைவோடு உற்சாகமாகச் சிரிக்கிறவர். இப்போது அவரும் முதல் வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். நாயகமும் சிரித்தார். சிரிக்க வேண்டிய அவசியமே இல்லை, இந்தப் பாட்டுக்கு அவர் காட்ட வேண்டிய முகபாவமெல்லாம் காலையிலேயே எடுத்தாகிவிட்டது. அதுவும் ஒரு வழக்கம், வந்து உட்கார்ந்ததும் வெறும் மேடையைப் பார்த்து ஒரு ஆச்சரியம், ஒரு புன்னகை, ஒரு கண்கலங்கல், எழுந்து நின்று ஒரு கைதட்டல் என்று மொத்தமாகப் படம்பிடித்து வைத்துக்கொள்வார்கள், யார் பாடும்போது எது தேவையோ வெட்டி ஒட்டிக்கொள்வார்கள். கண்கலங்குவதற்கு அவர் திருட்டுப்போன தன் ஸ்கூட்டரை நினைத்துக்கொள்வார், தவறாமல் வரும். ஆக, கேட்பதற்கு முன்பே அழுதாயிற்று. மார்க்கும் கிட்டத்தட்ட அப்படித்தான், அவர் யாருக்கும் ஒன்பதுக்குக் குறைத்ததில்லை. அருமை, ஃபீல் இருந்தது, மனசைத் தொட்டுட்டே என்பார். நேயர்கள் அவரைத் தங்கமான மனுஷர் என்றார்கள். தங்கமாவது. நேற்றுப் பாடிய பையன் பல்லவியிலேயே சுருதியை விட்டு நடுரோட்டில் நின்றான், இவர் காதிலும் அது விழத்தான் செய்தது, ஆனால் வாயைத் திறந்து சுருதி சேரலை என்று ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த நொடி என்ன கேட்பார்கள், எப்படிப் பாடணும் சார், பாடிக்காட்டுங்களேன் என்பார்கள். குற்றம் சொல்கிறவன் பாடிக்காட்ட வேண்டும். பத்மாசனி அம்மாள் சொல்வார், உடனே பாடியும் காட்டுவார், பிள்ளைகள் அழும், ஆனால் திருத்திக்கொள்ளும். இவர் பாராட்டிப் பாராட்டியே பிழைத்துக்கொண்டிருந்தார்.

முதல் சரணம் பாதியில் வந்தபோது, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே, முபீனா லேசாக இருமினாள். பத்மாசனி அம்மாள் இவர் பக்கம் சாய்ந்து, "கொழந்தைக்குத் தொண்டை சரியில்லை போலிருக்கே" என்றார். ஆமாமா என்றார் நாயகம். சொன்ன பிறகுதான் அந்த இருமல் உள்ளே போய் எங்கேயோ இடித்தது. எங்கேயோ கேட்ட இருமல். சின்னதாக ஒன்று, தொடர்ந்து இன்னொன்று, கடைசியில் ஒரு செருமல். சொந்தச் சட்டையை இன்னொருவன் போட்டுக்கொண்டு எதிரே வந்தால் எப்படியோ அப்படி இருந்தது. முபீனா இடது கையால் துப்பட்டாவின் நுனியை எடுத்து வலப்பக்க நெற்றியை மட்டும் ஒற்றிக்கொண்டாள். வியர்வையே இல்லை, ஸ்டூடியோ ஏசியில் பல் கிட்டுகிறது, எதற்கு ஒற்றுகிறாள்? இடையிசை வந்ததும் ஆர்க்கெஸ்ட்ரா பக்கம் அரைவாசி திரும்பி, தபேலாக்காரரைப் பார்த்துக் கையை விரித்து, "ஆஹா" என்றாள். அந்த ஆஹா. ஐயோ. அது கோயம்புத்தூர் ஆஹா. பொருட்காட்சித் திடல், பக்கத்தில் ரோடு போட்டுக்கொண்டிருந்தான், ஒரே புழுதி, முதல் சரணத்தில் தொண்டையில் மண் போய் இருமினது நான், கைக்குட்டையை எடுத்து நெற்றியை ஒற்றினது நான், தபேலாவைப் பார்த்து ஆஹா என்றது நான், அதை எவனோ படம்பிடித்து யூடியூபில் ஏற்றினான், லட்சம் பேர் பார்த்தார்கள் என்று மாப்பிள்ளை பெருமையாகக் காட்டினார். ரெக்கார்டில் இருமல் ஏது? இவள் ரெக்கார்டைக் கேட்டுப் பாடம் பண்ணவில்லை. அந்த வீடியோவைப் பார்த்துப் படித்திருக்கிறாள், வரி வரியாக, எது பாட்டு எது புழுதி என்று தெரியாமல், இருமலுக்குக்கூடத் தாளம் தவறாமல். பல் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை, புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி ஒப்பிக்கிற பிள்ளை. அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். அடக்கின சிரிப்பு பாதி வழியில் ஐஸாகிவிட்டது, ஏனென்றால் கோயம்புத்தூரில் தூரமே வருகிற இடத்தில் என்ன நடந்தது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மைக் நீளும். கட்டாயம் நீளும். யாரிடம் நீளும் என்பதுதான் கேள்வி, அந்தக் கேள்வியைச் சுற்றி அவர் மனசு செக்குமாடாகச் சுற்றியது. இரண்டாவது சரணம் தொடங்கிவிட்டது. கூட்டத்திடம் நீட்டினால் பிழைத்தேன். கூட்டமா இது, பஸ் வைத்துக் கூட்டிவந்து மத்தியானம் பிரியாணி போட்டு உட்காரவைத்த கூட்டம், ஃப்ளோர் மேனேஜர் கையைத் தூக்கினால் தட்டுவார்கள், இறக்கினால் நிறுத்துவார்கள், பாதிப் பேர் அந்தப் பாட்டு வந்தபோது பிறக்கவே இல்லை, இருந்தாலும் நாலு நடுவயசு அம்மாக்கள் இல்லாமலா போவார்கள், அம்மாக்களே, தாய்மார்களே, அந்தப் பச்சைப்புடவை அம்மாவுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, அல்லது அந்த அம்மாவுக்குப் பிரியாணி ஒத்துக்கொள்ளவில்லையா. என்னிடம் நீட்டினால்? நீட்டினால் என்ன, ஜெபா இருக்கிறான். வாயை அசைத்தால் போதும், காலம் முழுக்க அதைத்தானே செய்தேன், இன்னும் ஒரு தடவை, பிறகு இந்த நிகழ்ச்சியை விட்டுவிடலாம், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம், சங்கரன்கோவில் போய் ஆடித்தபசு பார்த்துக்கொண்டு இருந்துவிடலாம். கீபோர்டைப் பார்த்தார். ஜெபராஜ் ஒரு கையால் வாசித்துக்கொண்டே இன்னொரு கையின் சுட்டுவிரலை ஓரத்தில் ஒரு கட்டைக்கு மேலே நிறுத்தியிருந்தார். அந்த விரலுக்குக் கீழே குணசீலன் இருந்தான். மஸ்கட்டில் அவன் அந்த இடத்தைப் பாடினானா? மலையாளிகளும் பிலிப்பினோக்களும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஓட்டலில், நேயர் விருப்பம் என்று எவனாவது தமிழன் சீட்டெழுதிக் கொடுத்து, நாயகம் பாட்டு பாடு என்று கேட்டு, அவன் தன் சொந்தத் தூரமேயை என் பேரில் பாடி, அச்சு அசல் நாயகம் மாதிரியே பாடறியே என்று கைகொடுத்தார்களா? இந்த நினைப்பு இதற்கு முன் ஒருதடவைகூட வந்ததில்லை. வந்ததும் மாவடுப் புளிப்பு நாக்கின் அடியில் ஊறியது. அடச்சே, இந்த நேரத்திலா இதெல்லாம். கறுப்புக் கண்ணாடிக்காரர் காலாட்டிக்கொண்டிருந்தார், ஆக விழித்துத்தான் இருக்கிறார். 'நீ இருக்கும் ஊருக்கு எத்தனை எத்தனை' என்று முபீனா வரியை முடித்தாள், மூச்சிழுத்தாள், கண்ணை மூடினாள், திறந்தாள், திறந்து நேரே நாயகத்தைப் பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாக, மைக்கைப் பிடித்த கையை முழு நீளத்துக்கு அவரிடம் நீட்டினாள்.

தபேலா சுழன்றுகொண்டிருந்தது. ஜனங்கள் பாடத் தயாராகும் வரை ஒரே தாளத்தைத் திருப்பித் திருப்பி வாசிப்பது மேடையில் பழக்கம், அவரே பழக்கிவிட்டதுதான், அதனால் அவசரமில்லை என்று அது பாட்டுக்குச் சுழன்றது. ரோஷன் என்கிற அந்தத் தொகுப்பாளப் பையன் வாயைப் பிளந்துகொண்டு ஓடிவந்து இன்னொரு மைக்கை அவர் கையில் திணித்துவிட்டுப் போனான். எல்லா கேமராவும் திரும்பிவிட்டது. ஜெபராஜ் புருவத்தைத் தூக்கி, அமுக்கட்டுமா என்று கேட்டார். ஒரு தலையசைப்பு போதும். முபீனாவின் கை நீட்டியபடியே இருந்தது, அந்தக் கையில் துளி நடுக்கமில்லை, துளி சந்தேகமில்லை, தப்பித்துக்கொள்கிறோம் என்கிற நினைப்பு அந்த முகத்தில் எந்த மூலையிலும் இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இவள் பயந்து நீட்டவில்லை. இந்தப் பாட்டே இப்படித்தான் என்று நினைத்து நீட்டுகிறாள். இந்த இடத்தில் பாடக்கூடாது, இங்கே கையை நீட்ட வேண்டும், அதுதான் முறை. இனி இவளைப் பார்த்து இன்னொரு பிள்ளை நீட்டும், அதைப் பார்த்து இன்னொன்று, பாட்டின் நடுவில் நான் வெட்டிவைத்த பள்ளத்தைப் பாட்டென்றே நினைத்து இதுகள் சுற்றிக்கொண்டு போகும். வெட்கமாக இருந்தது. நன்றாக, சூடாக, காதுமடல் வரை வெட்கமாக இருந்தது. அதோடு கூடவே, சம்பந்தமே இல்லாமல், ஒரு சின்னப் பிள்ளைத்தனமான ஆசையும் கிளம்பியது. சாப்பிடப் போன அந்த மத்தியானத்துக்கப்புறம் ஒருதடவையாவது முயற்சி பண்ணிப் பார்த்தேனா? குளியலறையில்கூட இல்லையே. யார் கண்டது, இப்போது எட்டினாலும் எட்டும். எட்டாது என்று தெரியும். இருந்தாலும் யார் கண்டது. நாயகம் சார் ஜெபராஜைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். ஜெபராஜ் புரியாமல் இன்னொரு தடவை புருவத்தைத் தூக்கினார். வேண்டாம்ல என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, சிம்மாசனத்திலிருந்து இறங்கித் தரையில் காலூன்றி நின்று, மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

தூ வந்தது. தன் குரல் ஒலிபெருக்கியில் இவ்வளவு பெரிதாகக் கேட்டதில் அவருக்கே திடுக்கென்றது. ர ஏறியது, இன்னொரு படி, இன்னொரு படி, பரவாயில்லையே, வருகிறதே, அடிவயிற்றை எக்கிக்கொண்டார், தோள் தானாக மேலே போனது, மே. பம்புசெட்டைப் போட்டதும் தண்ணீருக்கு முன்னால் வெறும் காற்று வருமே, அந்தச் சத்தம் வந்தது. அதற்குப் பிறகு வர வேண்டிய தண்ணீர் வரவில்லை. குரல் இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டு மேலேயும் ஒரு துண்டு கீழேயும் போய், அங்கங்கே விழுந்தது. தபேலா மட்டும் நிற்காமல் சுழன்றது. பத்மாசனி அம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டார், அந்தக் காதுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று நாயகத்துக்குத் தெரியும். வேடிக்கை என்னவென்றால், செத்துவிடுவோம் என்று இத்தனை வருஷமாகப் பயந்த மனுஷர் சாகவில்லை, கால் தரையில் இருந்தது, மூக்கு நுனி அரித்தது, சொறிந்துகொண்டார். முபீனா திகைத்துப்போய் நீட்டின கையை இழுத்துக்கொண்டாள். தாளம் சுழன்று திரும்ப அந்த இடத்துக்கு வந்தது, அவள் அவரையே பார்த்தபடி, ஓ இங்கே பாட வேண்டுமா என்று இப்போதுதான் தெரிந்துகொண்ட முகத்தோடு, மைக்கை வாயில் வைத்துத் தூரமே என்று எடுத்தாள். வாழ்க்கையில் முதல்தடவையாகப் பாடுகிறாள், தெரிந்தது. ஆனால் பயமில்லாமல் ஏறினாள். உச்சிக்குப் போனாள். நின்றாள். நின்ற இடம் மட்டும் ஒரு மயிரிழை கீழே. அது நாயகத்தின் காதில் துல்லியமாக விழுந்தது. பாட்டு முடிந்தது, ஃப்ளோர் மேனேஜரின் கை உயர்ந்தது, பஸ்ஸில் வந்த ஜனங்கள் கைதட்டினார்கள், ஹீட்டர் கடை அத்தா எழுந்து நின்று தட்டினார்.

முதலில் பத்மாசனி அம்மாள்தான் பேசினார். "நன்னாப் பாடினே. ஆனா அந்த எடத்தை ஏன்மா நீ பாடாம அவர்கிட்ட தள்ளிவிட்டே?" என்றார். முபீனா விழித்தாள். "சார் அப்படித்தான் மேம் பாடுவாங்க. அந்த எடம் நம்ம பாடுறதுக்கு இல்ல, கேக்குறவங்களுக்கு விட்டுறணும்னு நெனச்சேன்." கூட்டம் சிரித்தது, அது கையைத் தூக்காமலே வந்த சிரிப்பு. ரோஷன் சும்மா இருப்பானா, மேடை நடுவில் வந்து, "பாத்தீங்களா மக்களே, தன்னோட பாட்டை ஒரு சின்னப் பொண்ணு பாடுறதைக் கேட்டு, நாயகம் சாருக்கு உணர்ச்சிவசத்துல குரலே ஒடஞ்சு போச்சு!" என்றான். காதில் மாட்டியிருந்த கருவியில் இயக்குநர் தம்பியின் குரல் தேனாகக் கொட்டியது, "சார் செம எமோஷன் சார், கண்ணை மட்டும் லேசா தொடச்சுக்குங்க, காலைல எடுத்த ஷாட்டோட சேத்துடறேன், இந்த வாரம் நம்மதான் நம்பர் ஒன்." நாயகத்தின் கை கைக்குட்டைக்குப் போய்விட்டது. எவ்வளவு சுலபம். திருச்சியில் மைக்கை நீட்டியபோதும் இப்படித்தான், இவர் தப்பு பண்ணுவார், ஊர் அதற்கு நல்லதாக ஒரு பெயர் வைத்துக் கையில் கொடுத்துவிடும். ஒரு தடவை கண்ணை ஒற்றினால் போதும், உடைந்தது உணர்ச்சி என்றாகிவிடும், சண்முகவடிவுகூட நம்பிவிடுவாள். ஆனால் அந்த மயிரிழை காதில் உறுத்திக்கொண்டே இருந்தது. யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும், சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளை அங்கேயே நின்றுவிடுவாள், அது நியாயமில்லை. கைக்குட்டையை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தார். "உணர்ச்சியெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி" என்றார் ரோஷனைப் பார்த்து. பிறகு முபீனாவிடம் திரும்பினார். "அந்த எடத்துல சுருதி சேரலம்மா. ஒனக்கு ஒரு நூல் கம்மி. எனக்கு ஒரு முழம்." எல்லோரும் சிரித்தார்கள், பத்மாசனி அம்மாள்கூடச் சிரித்துவிட்டார், அந்தச் சிரிப்போடு நிறுத்தியிருக்கலாம், எவ்வளவு எளிமையான மனுஷர் என்று இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருக்கலாம். நாயகம் சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தார். "இனிமே அந்த வீடியோவப் பாக்காத. ரெக்கார்டைக் கேட்டுப் படி. அதுல அந்த எடத்தைப் பாடுனது நான் இல்ல, குணசீலன்னு ஒருத்தர். அவரு சரியா நிப்பாரு" என்றார். தபேலாக்காரர் வாசிக்க ஒன்றும் இல்லாமலே கையைத் தபேலாவின் மேல் வைத்தார். ஃப்ளோர் மேனேஜரின் கை தூக்குவதா இறக்குவதா என்று தெரியாமல் இடுப்பருகே நின்றது. "சரி சார்" என்றாள் முபீனா, வகுப்பில் குறிப்பெடுக்கிறவளைப் போலத் தலையாட்டிக்கொண்டு. காதுக்குள் சார், சார் என்று யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் அந்தக் கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மார்க் அட்டையில் ஏழு என்று எழுதினார்.